வெளிநாட்டுப் பயணத்தில் ட்ரோன்: சென்னையிலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, நாளை இரவு விமானம். ட்ரோனை எடுத்துப் போகலாமா?"

ஆண்டுக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி எனக்குத் தொலைபேசியில் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் பெட்டியை மூடிவிட்டுத்தான் கேட்கிறார். அந்த நேரத்தில் நான் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்றுதான்: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ ட்ரோன் பறக்கவிடுவது பெரிய குற்றம் என்பதால் அப்படிச் சொல்வதில்லை. அந்த நாட்டில் செய்ய வேண்டிய பதிவு, வாங்க வேண்டிய காப்பீடு, இங்கே மீனம்பாக்கத்தில் கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய சான்று ஆகிய எதையும் ஓர் இரவில் முடிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ட்ரோனுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, போகிற நாட்டின் வாசல். அதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மற்றொன்று, திரும்பி வரும்போது நம் ஊர் சுங்கத்துறையின் வாசல். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இந்தியாவுக்குள் வெளிநாட்டு ட்ரோனைக் கொண்டுவருவதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. நீங்கள் எடுத்துப்போன உங்கள் சொந்த ட்ரோன், திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்ததுபோல்தான் தோற்றமளிக்கும். அப்படி இல்லை என்று காட்டுவதற்கான காகிதத்தைப் புறப்படும்போதே வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு வாசல்களையும் மனத்தில் வைத்து, எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: அந்த நாடு ட்ரோனை உள்ளே விடுமா?

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. எத்தனை மீட்டர் உயரம் பறக்கலாம் என்பதெல்லாம் பிறகு. சில நாடுகளில் பறக்கவிடுவது இருக்கட்டும், பெட்டியில் வைத்திருப்பதே சிக்கல்.

மொராக்கோவில் அனுமதியின்றி ட்ரோனோடு இறங்கினால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எகிப்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் ட்ரோனைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். பிரமிடை மேலிருந்து படம் பிடிக்கும் ஆசை எவருக்கும் வரும். அந்த ஆசையைச் சென்னையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் போகும் துபாயின் கதை வேறு. 2022 ஜனவரியில் அபுதாபி மீது ட்ரோன், ஏவுகணைத் தாக்குதல் நடந்தது. அதே மாதம் ஐக்கிய அரபு அமீரகம் பொழுதுபோக்கு ட்ரோன்களை முழுமையாகத் தடை செய்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான் தனிநபர்களுக்கான தடையைப் பதிவு நிபந்தனையோடு தளர்த்தினார்கள். "தடை நீங்கிவிட்டது" என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டுப் பெட்டியில் வைக்கக்கூடாது. பதிவு இல்லாமல் பறக்கவிடுவது இன்னும் குற்றம்தான். ஆட்களை அவர்கள் ஒப்புதலின்றிப் படம் பிடிப்பதும் அங்கே தனிக் குற்றம். நான்கைந்து நாள் சுற்றுலாவுக்கு துபாய் போகிறவரிடம் ட்ரோனை எடுத்துப் போக வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

இலங்கை ஒரு மணி நேரப் பயணம் என்பதால் அங்குள்ள விதியும் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில நாட்களிலேயே அங்கே ட்ரோன்கள் தடை செய்யப்பட்டன. தடை பின்னர் தளர்ந்தது. ஆனாலும் வெளிநாட்டவர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், அதில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதலும் அடங்கும். சிகிரியா மலையடிவாரத்தில் நின்றுகொண்டு விண்ணப்பிக்கிற காரியமல்ல இது. நேபாளத்திலும் முன் அனுமதி வேண்டும். சாகர்மாதா, சித்வன் போன்ற தேசியப் பூங்காக்களுக்கு அதற்கு மேல் தனி அனுமதியும் வேண்டும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாட்டின் நிலவரத்தை இரண்டு முறை பாருங்கள்: டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, புறப்படும் வாரத்தில் ஒரு முறை. தாய்லாந்தில் 2025 ஜூலை இறுதியில், கம்போடிய எல்லையில் சண்டை மூண்டபோது, நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை விதித்தார்கள். ஒரு மாதம் முன்பு பதிவு, காப்பீடு எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தவருக்கும் அந்தத் தடை பொருந்தியது. பார்க்க வேண்டிய இடம் அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளம். பயணக் காணொளிகளில் ஒருவர் பறக்கவிட்டிருக்கிறார் என்பது உங்களுக்கு அனுமதியாகாது.

இரண்டாம் படி: எடை போடுங்கள்

உலகம் முழுவதும் ட்ரோன் விதிகள் எடையைச் சுற்றித்தான் சுழல்கின்றன. 250 கிராம் என்ற எண் திரும்பத் திரும்ப வரும். நம் ட்ரோன் விதிகள் 2021-இலும் நானோ எனப்படும் மிகச் சிறிய வகையின் எல்லை அதுதான். அதனால்தான் நிறுவனங்கள் 249 கிராம் என்று அச்சிட்டு விற்கின்றன.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பாதீர்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருக்கிறதல்லவா, அதன்மேல் ட்ரோனைப் பறக்கும் கோலத்திலேயே வையுங்கள்: பேட்டரி உள்ளே, மெமரி கார்டு உள்ளே, இறக்கைகள் பூட்டியபடி, லென்ஸ் மேல் வடிகட்டி போடுவீர்களானால் அதையும் சேர்த்து. என்னிடம் உள்ள சிறிய ட்ரோன் வெறுமனே 248 காட்டும். இறக்கைக் காப்பு வளையத்தை மாட்டினால் முந்நூறைத் தாண்டிவிடும். டிஜேஐ நிறுவனத்தின் மினி 3 ப்ரோ ட்ரோனில் கூடுதல் நேரம் பறக்க விற்கும் பெரிய பேட்டரியைப் போட்டால் சுமார் 290 கிராம். அந்த நிமிடத்திலிருந்து அது வேறு வகை, அதற்கு வேறு விதி.

250 என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான எண் என்றும் எண்ணிவிடக்கூடாது. ஜப்பானில் எல்லை 100 கிராம். பிரிட்டனிலும் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம். ஐரோப்பாவில் எடை குறைவாக இருந்தாலும் கேமரா இருந்தால் பதிவு வேண்டும். தாய்லாந்திலும் அப்படித்தான், கேமரா இருந்தால் எடை எதுவானாலும் பதிவு. ஆக, நம் கையில் இருக்கும் 249 கிராம் ட்ரோன் பதிவிலிருந்து தப்பிக்கும் இடங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

மூன்றாம் படி: பதிவு

சிங்கப்பூரிலிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து அதிகம் பேர் போகும் ஊர், விதிகளும் தெளிவாக இருக்கும் ஊர். 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம், பதிவு செய்பவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய உயரம் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் மட்டுமே. பிற நாடுகளில் 120 மீட்டருக்குப் பழகியவர்கள் இங்கே தவறுவார்கள். விமான நிலையம், விமானப்படைத் தளம் எதுவானாலும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கூடாது. அந்தச் சின்னத் தீவில் சாங்கி, செலத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஒவ்வொன்றுக்கும் 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு நிலம் என்பது அப்போது தெரியும். ஒன்மேப் என்ற அரசு வரைபடத்தில் இந்த வட்டங்களைக் காணலாம்.

அவர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஜூனில் சாங்கி விமான நிலையத்தருகே ட்ரோன்கள் தென்பட்டதால் ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமாகின. ஓர் ஓடுபாதையை மூட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தண்டனைகள் கடுமையாயின. அபராதம் 50,000 சிங்கப்பூர் டாலர் வரையிலும், அதோடு சிறையும் போகலாம்.

தாய்லாந்தில் இரண்டு அலுவலகங்கள், இரண்டு பதிவுகள். ட்ரோன் வானொலி அலைகளில் இயங்குவதால் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையத்தில் ஒன்று. அது வானில் பறப்பதால் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் மற்றொன்று. இவற்றோடு பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குக் குறைந்தது 10 லட்சம் பாட் காப்பீடு. ஒன்றைச் செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். விமான நிலையத்திலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், உயர வரம்பு 90 மீட்டர். புக்கெட் தீவின் வடகடற்கரைகள் பல அந்த 9 கிலோமீட்டருக்குள் விழுகின்றன. விடுதியைப் பதிவு செய்யும் முன் வரைபடத்தில் தூரத்தை அளந்துவிடுங்கள்.

ஜப்பானில் 100 கிராம் முதல் பதிவு. 2022 ஜூன் 20-இலிருந்து கட்டாயம். வெளிநாட்டவரும் அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் நாட்கள் பிடிக்கும். பதிவெண்ணை வானொலி வழியே ஒலிபரப்பும் ரிமோட் ஐடி வசதியும் இருக்க வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி என்று அரசு குறித்துள்ள இடங்களின் மேல் தனி அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. டோக்கியோவின் 23 வட்டாரங்கள் ஏறக்குறைய முழுதுமே அந்தப் பட்டியலில் வருகின்றன. 2015 ஏப்ரலில் பிரதமர் அலுவலகக் கூரையில் கதிரியக்க மண்ணைச் சுமந்த ட்ரோன் ஒன்று கிடந்தது. அதன் பிறகே ஜப்பானில் ட்ரோன் சட்டங்கள் வேகமாக வந்தன. அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை.

ஐரோப்பாதான் பயணிக்கு மிக நியாயமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது என்பது என் கருத்து. 2020 டிசம்பர் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுதுக்கும் ஒரே விதித்தொகுப்பு. வெளியிலிருந்து வருபவர், முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அந்த நாட்டில் ஒரு முறை பதிவு செய்தால் போதும். 27 நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்திலும் செல்லும். கிடைக்கும் எண்ணை ட்ரோன் உடலில் ஒட்ட வேண்டும். எண் ட்ரோனுக்கு அல்ல, உங்களுக்கு உரியது. இரண்டு ட்ரோன் வைத்திருந்தாலும் அதே எண்தான். 250 கிராமுக்கு மேல் போனால் இணையவழித் தேர்வு உண்டு: 40 கேள்விகள், 75 விழுக்காடு மதிப்பெண். நம் ஊர் ட்ரோன் சான்றிதழைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே பதிவு என்பதால் எல்லா ஊரிலும் ஒரே விதி என்று ஆகிவிடாது. பறக்கும் இடங்களை ஒவ்வொரு நாடும் தானே வகுக்கிறது. பிரான்ஸில் ஊருக்குள் பொது இடங்களின் மேல் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட அனுமதி இல்லை. ஆகவே ஈபிள் கோபுரத்தை உங்கள் ட்ரோனில் எடுப்பது நடக்காது. இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் எவ்வளவு சிறிய ட்ரோனானாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் செல்லும் எண் லண்டனில் செல்லாது. அங்கே பறக்கவிடுபவருக்கு ஓர் அடையாள எண், ட்ரோனுக்குப் பொறுப்பாளருக்கு ஓர் அடையாள எண் என இரண்டு. முதலாவதற்கு இணையத்தில் ஒரு தேர்வு உண்டு.

அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை முடித்து, சான்றை அலைபேசியில் வைத்திருக்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் என்றால் 5 டாலர் கட்டிப் பதிவு. வெளிநாட்டவருக்கும் அந்தப் பதிவு உண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும். பதிவு தேவைப்படும் ட்ரோனில் ரிமோட் ஐடியும் இயங்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2014-இலிருந்து தடை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நெதர்லாந்திலிருந்து வந்த பயணி ஒருவரின் ட்ரோன் எல்லோஸ்டோன் பூங்காவின் வண்ண வெந்நீர் ஊற்றில் விழுந்து மூழ்கியது. அபராதமும் இழப்பீடுமாக அவர் 3,200 டாலர் கட்டினார். கிராண்ட் கேன்யன், யோசமிட்டி என்று நம் உறவினர்கள் கூட்டிப்போகும் இடங்கள் எல்லாம் இந்தத் தடைக்குள் வருபவை.

டொராண்டோவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கனடாவில் 250 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோனைக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும்தான் சாதாரணமாகப் பதிவு செய்ய முடியும். சுற்றுலாப் பயணி சிறப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே 249 கிராம் உண்மையிலேயே கை கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்கு ட்ரோனுக்குப் பதிவு இல்லை. 120 மீட்டர் உயரம், ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தூரம் என்பதைக் கடைப்பிடித்தால் நிம்மதியாகப் பறக்கவிடலாம். மலேசியாவில் 120 மீட்டர் வரம்பும், விமான நிலைய வான்பகுதிக்கு முன் அனுமதியும்.

நான்காம் படி: நம் ஊர்க் காகிதங்கள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

விலையுயர்ந்த பொருளை எடுத்துப்போகும் பயணி, அதே பொருளைத் திரும்பக் கொண்டுவரும்போது தொல்லை வராமலிருக்க, புறப்படும்போது சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெறலாம். நகைகளுக்கு வாங்கும் வழக்கம் பலருக்குத் தெரியும். ட்ரோனுக்கும் அதைக் கேட்டுப் பெறுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: ட்ரோன், அது வாங்கியதற்கான ஜிஎஸ்டி ரசீது, பாஸ்போர்ட், விமான டிக்கெட், நம் நாட்டில் பதிவு செய்திருந்தால் அந்தத் தனி அடையாள எண்ணின் அச்சு நகல். சான்றில் மாடலின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த எண் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்து வையுங்கள். பெரும்பாலான சிறிய ட்ரோன்களில் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே குழிக்குள் எறும்பு வரிசைபோல் அச்சிட்டிருக்கும். விமான நிலைய வெளிச்சத்தில் அதைப் படிக்க முடியாது. அலைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்து, தாளில் எழுதி, ரசீதோடு பின் அடித்துக்கொள்ளுங்கள். ரிமோட்டுக்குத் தனி வரிசை எண் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வேலை வரிசையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ட்ரோனை செக்-இன் பெட்டியில் வைத்து, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகு அதிகாரியிடம் போனால் காட்டுவதற்குக் கையில் பொருள் இருக்காது. பெட்டியை ஒப்படைக்கும் முன்பே, முனையத்துக்குள் நுழைந்தவுடன், சுங்க அதிகாரி எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். வழக்கமாகப் போகும் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புங்கள். வேளச்சேரியிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ வரும்போது கத்திப்பாராவில் சிக்கும் நேரமும் அதில் போகும்.

ஐந்தாம் படி: பேட்டரி

லித்தியம் பேட்டரியின் விதி உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். உதிரி பேட்டரி கைப்பையில் மட்டுமே வர வேண்டும், செக்-இன் பெட்டியில் ஒருபோதும் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் (பேட்டரி சேமித்து வைக்கும் மின்னாற்றலின் அளவு இது) இருந்தால் சாதாரணமாக அனுமதிப்பார்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை.

வாட்-மணி பேட்டரி மேலேயே அச்சிட்டிருக்கும். அழிந்திருந்தால் கணக்குப் போடலாம். மில்லி ஆம்பியர்-மணியை ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டால் பெருக்குங்கள். டிஜேஐ மினி 3-இன் பேட்டரி 2,453 மில்லி ஆம்பியர்-மணி, 7.38 வோல்ட். 2.453-ஐ 7.38-ஆல் பெருக்கினால் 18.1. நூறுக்கு வெகு கீழே. அதே நிறுவனத்தின் மேவிக் 3 ட்ரோனின் பேட்டரியே 77தான். பெரும்பாலானோருக்கு அளவால் சிக்கல் வராது. வைக்கும் இடத்தால்தான் வரும்.

எனக்கு அப்படி ஒரு முறை வந்தது. திரும்பும் பயணத்தில், ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில், விமானம் ஏறும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். ஓர் ஊழியர் என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். என் பெட்டி மேசைமேல் இருந்தது, என்னையே திறக்கச் சொன்னார்கள். மடித்து வைத்த வேட்டிக்கும் ஊறுகாய்ப் பொட்டலத்துக்கும் நடுவில், மூன்றாவது பேட்டரி. இரண்டைக் கைப்பைக்கு மாற்றிய நான் அதை மறந்துவிட்டேன். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். விமானத்தில் ஏறிய கடைசி ஆள் நான்தான். தீப்பிடித்தால் சரக்கறையில் அணைக்க ஆளில்லை என்பதற்காகத்தான் அந்த விதி இருக்கிறது. மேலே அமர்ந்திருந்த இருநூறு பேரை நினைத்து அன்று எனக்கு வயிறு கலங்கியது. அன்றிலிருந்து பேட்டரிகளை எண்ணிக்கை எழுதிய ஒரே பையில்தான் வைக்கிறேன்.

அந்தப் பை தீ தாங்கும் துணியால் ஆனது. ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒவ்வொரு பேட்டரியின் உலோக முனைகள்மேலும் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவி, நாணயம் பட்டு மின்கசிவு ஏற்படாது. முழுவதும் சார்ஜ் செய்யாமல் பாதிக்கும் கீழே இறக்கி வைப்பது நல்லது. ட்ரோன் உடலையே கைப்பையில் ஏற்காத விமான நிறுவனங்களும் உண்டு. அப்போது உடல் பெட்டிக்குள், பேட்டரி கழற்றிக் கைப்பைக்குள். இதை உங்கள் நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பறக்கவிடும் நாள்

வெளிநாட்டில் போய் முதல்முறையாகப் பழகாதீர்கள். இங்கேயே, டிஜிட்டல் ஸ்கை என்ற நம் அரசின் வான் வரைபடத்தில் பச்சை, அதாவது பறக்கலாம், என்று உறுதி செய்த திறந்த வெளியில் ஒரு வாரம் பழகுங்கள். மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் என்று சென்னையைச் சுற்றித் தடைப் பகுதிகள் நிறைய இருப்பதால் அந்த இடத்தைத் தேடுவதே ஒரு பயிற்சிதான். வரைபடம் பார்க்கும் பழக்கம் அங்கே உதவும். பிற்பகலில் கடற்காற்று எழும் நேரத்தில், காற்றை எதிர்த்துத் திரும்ப பேட்டரி எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து வையுங்கள்.

போன இடத்தில், பறக்கவிடும் காலையில், அந்த நாட்டின் அதிகாரபூர்வ வான் வரைபடத்தைத் திறந்து நீங்கள் நிற்கும் புள்ளியைப் பாருங்கள். ட்ரோனின் செயலி தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முன்பு டிஜேஐ ட்ரோன்கள் விமான நிலையத்தருகே கிளம்பவே கிளம்பாது. அந்தப் பூட்டை நிறுவனம் ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றியது. பொறுப்பு முழுவதும் இப்போது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது.

விமானவியல் வரைபடத்தில் தடை இல்லாவிட்டாலும் நிலத்தின் உரிமையாளர் தடை விதித்திருக்கலாம். நகராட்சிப் பூங்கா, கோயில் வளாகம், கடற்கரை விடுதி எல்லாம் அப்படித்தான். காவலாளியிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவருக்குப் பெரும்பாலும் நல்ல இடமாகக் காட்டுவார்கள்.

சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் உயரத்தை, சுற்றியுள்ள மரம், கட்டடத்தைவிடக் கூடுதலாகவும் அந்த நாட்டின் உயர வரம்புக்குள்ளும் வையுங்கள். சிங்கப்பூரில் 60 மீட்டர் வரம்பு இருக்கும்போது, இங்கே வைத்த 100 மீட்டரை மாற்ற மறந்தால், சிக்னல் அறுந்த நொடியில் ட்ரோன் தானாகவே சட்டத்தை மீறும். கண்பார்வையைவிட்டு விலகவிடாதீர்கள், கூட்டத்தின் தலைக்குமேல் கொண்டுபோகாதீர்கள். இந்த இரண்டும் நான் அறிந்த எல்லா நாட்டிலும் விதிதான்.

ஏழாம் படி: யாராவது வந்து கேட்டால்

உடனே இறக்குங்கள். பேசிக்கொண்டே பறக்கவிடாதீர்கள். மோட்டார் நின்ற பிறகு பதிவுச் சான்று, காப்பீடு, பாஸ்போர்ட் நகல் மூன்றையும் காட்டுங்கள். அந்த நாட்டு மொழியில் அச்செடுத்த ஒரு பக்கம் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். படத்தை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். வாதம் செய்து வென்ற பயணியை நான் பார்த்ததில்லை. ட்ரோனைப் பறிமுதல் செய்தால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில்லாமல் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேச முடியாது, ஏற்றுமதிச் சான்று வாங்கிய பொருள் எங்கே என்று நாளை கேட்டாலும் பதில் இருக்காது.

எட்டாம் படி: திரும்பி வரும்போது

மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்த பிறகு, சுங்கத்திடம் சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்காதீர்கள். பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழிக்குச் செல்லுங்கள். இந்திய சுங்க அறிவிப்புப் படிவத்தில் தெரிவிக்க வேண்டிய பொருட்களில் ட்ரோனும் 2016 முதல் இடம்பெற்றிருக்கிறது. நீங்களாகவே சொல்லி, சான்றிதழையும் ரசீதையும் நீட்டி, பேட்டரி குழிக்குள் இருக்கும் வரிசை எண்ணைக் காட்டினால் வேலை சுருக்கமாக முடியும். ஸ்கேனரில் அவர்கள் கண்டுபிடித்துக் கூப்பிட்டால் அதே காகிதங்களுக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடும்.

ஒன்றைத் திரும்பவும் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டில் ட்ரோன் வாங்கி வராதீர்கள். "சுங்கவரி கட்டிவிடலாம்" என்பது இதற்குப் பொருந்தாது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரி கட்டி எடுத்துப்போகலாம். ட்ரோனின் இறக்குமதியே தடை செய்யப்பட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்குத்தான் விலக்கு, அதற்கும் உரிய ஒப்புதல் வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் விலை குறைவு என்று வாங்கி வந்து, தரையிறங்கிய அரை மணியில் இழந்தவர்களை எனக்குத் தெரியும். மகனின் பிறந்தநாளுக்கு என்று பரிசுத்தாள் சுற்றி எடுத்து வந்தார் ஒருவர். அந்தத் தாளைப் பிரித்தது அவர் மகன் இல்லை.

இதே தடை வெளிநாட்டிலிருந்து நம் வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் உண்டு. தங்கை திருமணத்தைப் படம் பிடிக்க மெல்போர்னிலிருந்தோ லண்டனிலிருந்தோ அண்ணன் ட்ரோன் கொண்டு வருகிறேன் என்பார். அவருடைய ஊரில் அது முறையாகப் பதிவான ட்ரோனாக இருக்கலாம். இங்கே இறங்கும்போது அது தடை செய்யப்பட்ட இறக்குமதிதான். விமானத்தில் ஏறும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். திருமணத்துக்கு, இந்தியாவில் பதிவான ட்ரோனும் பறக்கவிடும் சான்றிதழும் வைத்திருக்கும் உள்ளூர் படப்பிடிப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம். முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ட்ரோனின் தனி அடையாள எண் என்ன, மண்டபம் இருக்கும் இடம் வரைபடத்தில் என்ன நிறம்.